வெந்நீர் ஊற்றுக்குக் கொண்டுபோன வாளி

குகன் லண்டனில் தன்னுடைய ரெய்னர்ஸ் லேன் வீட்டின் பின்வளவில் ஒரு சுடுதண்ணீர்த் தொட்டி வாங்கி வைத்திருக்கிறான். மரச்சட்டம் அடித்த வட்டத் தொட்டி. எட்டுப் பேர் உள்ளே இறங்கி, முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்காரலாம். ஒரு பொத்தானை அமத்தினால் அடியிலிருந்து குமிழி வரும். இன்னொன்றை அமத்தினால் தண்ணீர் நீலமாகும், பிறகு ஊதாவாகும். போன சனிக்கிழமை மத்தியானம் அதற்குத் திறப்பு விழா. வாட்ஸப்பில் அழைப்பிதழ் வேறு. இத்தனை வருடப் பழக்கம், போகாமல் விட ஏலாது. போனேன்.

இறங்கச் சொன்னார்கள். முழங்கால் நோகிறது என்று பொய் சொல்லிவிட்டு, குகனின் மனைவி தந்த வெள்ளைத் துவாயை மடித்தபடியே மடியில் வைத்துக்கொண்டு கரையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன். உள்ளே ஆறு பேர். எல்லோருக்கும் அறுபது தாண்டிவிட்டது, எல்லோருக்கும் தொந்தி. தண்ணீரின் மேல் நுரை கட்டியிருந்தது. அது என்ன நுரை என்று நீங்கள் எப்போதாவது யோசித்ததுண்டா? சவர்க்காரம் போடாத தண்ணீரில் நுரை எங்கிருந்து வரும்? நான் யோசித்தேன். யோசித்தபின் கையிலிருந்த ஜூஸ்கூட எனக்கு இறங்கவில்லை. யாருடைய விரலிலிருந்தோ கழன்ற பிளாஸ்டர் ஒன்று சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொருவர் நெஞ்சிலும் முட்டிப் போனது. குகன் அதற்குள் இருந்தபடியே ஒரு கையில் வைன், மறு கையில் மட்டன் ரோல்ஸ். ரோல்ஸின் தூள் தண்ணீரில் கொட்டுப்பட்டது. அவன் அதைப் பார்த்தான், கையால் அளைந்து கலைத்துவிட்டு அடுத்த கடி கடித்தான்.

"சீ!" என்றேன், வாய்விட்டே.

"தொடங்கீட்டான்ரா சீச்சீ மாஸ்டர்," என்று குகன் சிரித்தான். பல்லில் இறைச்சி நார்.

அந்தப் பட்டம் எனக்கு ஈஸ்ட் ஹாமில் வைத்தது. எண்பதுகளின் கடைசி. ஒரு வீட்டில் ஏழு ஆண்கள், ஒரே ஒரு குளியலறை. மேலே சொல்லவும் வேண்டுமா? குளியல் தொட்டியின் ஓட்டையில் ஏழு பேரின் மயிரும் ஒன்றாகத் திரண்டு கிடக்கும். அதை விரலால் இழுத்தெடுக்கிற ஒரே மனிதன் நான்தான். தூள் போட்டுத் தேய்த்து, மூன்று தரம் ஊற்றிக் கழுவி, பிறகுதான் உள்ளே கால் வைப்பேன். கதவில் இடிப்பார்கள். "உள்ளுக்கு என்னடா, கும்பாபிஷேகமோ?" என்பார்கள். வெள்ளைக்காரன் அந்தத் தொட்டியை நிரப்பி, அதில் படுத்து, தன் ஊத்தையில் தானே ஊறி, அப்படியே எழும்பித் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறான் என்று கேள்விப்பட்ட நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாங்கள் அதற்குள் நின்றுதான் குளிப்போம். ஒரு நீல வாளி இருந்தது. குழாயில் பிடித்து, கலந்து, தலையில் ஊற்றுவோம். ஏழு பேருக்கும் அந்த ஒரு வாளிதான்.

என்னோடு ஒரே அறையில் இருந்தவன் மனோ. திருகோணமலைப் பொடியன். அவன் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்தான். கிழடு கட்டைகளைத் தூக்கி, கழுவி, துடைத்து, உடுப்பு மாற்றிவிடுகிற வேலை. நான் பெட்ரோல் நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து வேலை செய்தவன், ஏதோ பெரிய துப்புரவான உத்தியோகம் என்ற நினைப்பு எனக்கு. உண்மையைச் சொல்கிறேன், நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் பரவாயில்லை. அவன் வந்த முதல் மாதம் அவன் கையால் போட்ட தேத்தண்ணியை நான் குடிக்கவில்லை. "ஆறட்டும்" என்று வாங்கி வைப்பேன், அவன் அந்தப் பக்கம் திரும்ப சிங்கில் ஊற்றிவிடுவேன். அவன் கையைப் பார்த்தால் எனக்கு ஏதேதோ நினைவு வரும். கண்டானோ தெரியாது. மறுநாளும் போட்டுத் தருவான்.

ஒரு மாசி மாதம் மனோவின் அம்மா திருகோணமலையில் செத்துப்போனா. ஒன்றுவிட்ட தமையன் போன் எடுத்துச் சொன்னான். அகதி வழக்கு முடியவில்லை, கையில் பாஸ்போர்ட் இல்லை, ஊரிலே சண்டை. ஒரே பிள்ளை. கொள்ளி வைத்தது யாரோ. மனோ அழவில்லை. குளியலறைக்குள் போய் நீல வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் வெகுநேரம் இருந்தான். அன்றைக்கு நான் கதவைத் தட்டவில்லை.

அவனுக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை என்ன, பிடிவாதம். திருகோணமலைக்குக் கிட்டக் கன்னியா என்று ஓரிடம். சின்னச் சின்னதாய் ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடமை செய்த இடம் என்று கதை. அந்தப் பக்கத்துச் சனம் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையை அங்கேதான் செய்யும். எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொள்வார்கள். ஒருவரும் உள்ளே இறங்குவதில்லை. யாழ்ப்பாணத்து ஆட்கள் எங்களுக்கு அந்த வேலை கீரிமலையில். அது குளிர் தண்ணீர். மனோவுக்குப் பன்னிரண்டு வயதில் தகப்பன் போனபோது தாய் அவனைக் கன்னியாவுக்குக் கூட்டிப்போயிருக்கிறா.

"எனக்கும் இஞ்ச வந்துதான் செய்யோணும் எண்டு அம்மா சொன்னவ," என்றான் மனோ. "நான் ஓம் எண்டு சொன்னனான்."

ஆர்ச்வே கோயிலடியில் கண்ட ஓர் ஐயரிடம் கேட்டான். ஓடுகிற தண்ணீர் எங்கேயும் செய்யலாம் தம்பி, மனசு சுத்தமாயிருந்தால் போதும் என்று அந்த மனுஷன் நல்லபடியாகத்தான் சொன்னார். மனோவுக்குப் போதவில்லை. வெந்நீர் வேண்டும். வெந்நீர் என்றால் கேத்திலில் கொதிக்கவைத்தது கூடாது, நிலத்துக்குள்ளிருந்து வரவேண்டும். லண்டனில் நிலத்துக்குள்ளிருந்து எலிதான் வரும்.

இங்கேதான் அந்த ஏழு பேரில் ஒருவனான குகன் நுழைகிறான். குகனுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. நூலகத்தில் எங்கேயோ ஒரு விளம்பரத் தாளைக் கண்டெடுத்துக்கொண்டு வந்தான். வடக்கே நாலு மணித்தியாலம், பீக் டிஸ்ட்ரிக்ட் என்று ஒரு தேசியப் பூங்கா, அதன் மலைகளைக் கடந்து போனால் ஓரத்தில் ஒரு சின்ன நகரம், அங்கே வெந்நீர் ஊற்று. தாளில் ரோமன்காரர் காலத்திலிருந்து ஊறுகிறது என்று போட்டிருந்தது.

"கொதிக்குதாம் மச்சான்! ஆவி பறக்குதாம்!" என்றான் குகன். தாளில் கொதிப்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, அது குகன் தானாகச் சேர்த்தது.

மனோவின் முகத்தில் பல நாளைக்குப் பிறகு இரத்தம் ஓடியதைக் கண்டேன். அதனால்தான் ஒருவரும் அந்தத் தாளை வாங்கி ஒழுங்காக வாசிக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. போனது நாலு பேர்: மனோ, குகன், நான், தவம் அண்ணை. தவம் அண்ணை வீட்டில் மூத்தவர், ஓர் உணவகத்துக் குசினியில் வேலை, தேவாரம் பாடமாக வைத்திருந்தவர், ஊரில் இந்தக் காரியங்களைக் கிட்ட நின்று பார்த்தவர். முதல் நாளே சட்டம் போட்டார். "நாலு பேரும் சைவம். முழுகிப்போட்டுத்தான் கார்ல ஏறோணும். மச்சம் மாமிசம் தின்னிற ஆள் வீட்டிலேயே நிக்கலாம்."

விடிய எழும்பி அவரே பிண்டத்துக்குச் சோறு வடித்தார். எள்ளு, தர்ப்பை, வெற்றிலை பாக்கு, அம்மாவின் படம், புதுவேட்டி எல்லாம் ஒரு துணிப்பைக்குள் போனது. வேட்டிக்கும் படத்துக்கும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறை. மனோ அந்தப் பையை என்னிடம் தந்தான்.

"நீ வைச்சிரு. நீதான் துப்புரவான ஆள்," என்றான்.

கிண்டல் இல்லை, முழு நம்பிக்கையோடுதான் சொன்னான்.

கடைசியாக மனோ திரும்பி ஓடிப்போய்க் குளியலறையிலிருந்து நீல வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தான். கிணற்றில் அள்ள வேண்டுமே! குகன் அதற்குக் கயிறு வேறு கட்டினான். இங்கிலாந்தின் வெந்நீர் ஊற்றைப் பார்க்க வாளியும் கயிறும் கொண்டு புறப்பட்ட கூட்டம் எங்களுக்கு முன்னும் இல்லை, பின்னும் இருந்திருக்காது.

குகனின் கார் மஞ்சள் நிறம். வயது எங்களைவிடக் கொஞ்சம் குறைவு. அதன் ஹீட்டர் ஒரு குளிர் நாளில் திறந்தபடி இறுகிவிட்டது, பிறகு மூடவே இல்லை. உள்ளே முழு வேகத்தில் சூட்டுக் காற்று. ஜன்னலைத் திறந்தால் பங்குனிக் குளிர் காதை அறுக்கும், மூடினால் நாலு பேரின் வேர்வையும் குகனின் காலுறையும். குகனின் காலுறையைப் பற்றி நான் எழுதத் தொடங்கினால் இந்தக் கட்டுரை வேறெங்கோ போய்விடும். அதோடு அவன் கண்ணாடியில் தொங்கவிட்டிருந்த எலுமிச்சை வாசனை அட்டை. நாற்றத்தைவிட நாற்றத்தை மறைக்கப் போடுகிற வாசனைதான் எனக்கு எப்போதும் குடலைப் புரட்டுவது.

மோட்டர்வேயில் ஒரு தரிப்பிடத்தில் நிறுத்தினோம். மனோவும் தவம் அண்ணையும் கால் கழுவப் போனார்கள். அவர்கள் மறைந்ததும் குகன் தன் சீட்டுக்குக் கீழே கையை விட்டு ஈயத்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றை எடுத்தான். எட்டு மட்டன் ரோல்ஸ். முதல் நாள் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் வாங்கியது.

"டேய், இண்டைக்குச் சைவமெல்லோ?" என்றேன்.

"செத்தது மனோன்ர அம்மா. எங்கட அம்மாமார் உயிரோடதானே இருக்கினம்," என்றான் குகன். சட்டத்தரணியாகப் போயிருக்க வேண்டியவன்.

எனக்கும் பசி. காலையிலிருந்து ஒன்றும் தின்னவில்லை. மடியில் மனோவின் தாய், அதாவது அந்தப் பை. பையைச் சற்றுத் தள்ளி முழங்காலில் வைத்துவிட்டு இரண்டு ரோல்ஸ் தின்றேன். குகன் இரண்டு. ஹீட்டர் சூட்டில் ஊறிய எண்ணெய் விரலில் ஒழுகியது, விரலைச் சூப்பினேன். சீச்சீ மாஸ்டரைப் பாருங்கள்! ஊரெல்லாம் ஊத்தை என்று மூக்கைப் பொத்துகிறவன், செத்தவீட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு கள்ள இறைச்சி தின்று விரல் சூப்புகிறான். அவர்கள் வருகிற நேரத்துக்கு நாங்கள் வாயைத் துடைத்துக்கொண்டு நல்ல பிள்ளைகளாக இருந்தோம்.

தேசியப் பூங்கா வந்தது. பூங்கா என்றதும் நான் பூச்செடியும் ஆட்கள் உட்காருகிற வாங்கிலும் நினைத்திருந்தேன். ஒரு பூ இல்லை. பழுப்புப் புல்லு, கல்லு மதில், மலை, பிறகும் மலை. எங்கே பார்த்தாலும் செம்மறி, செம்மறியின் பின்பக்கம், அதில் தொங்குகிற காய்ந்த புழுக்கை. அழகு என்று சொன்னார்கள். இருக்கலாம். எனக்கு அதை ரசிக்க அவகாசமில்லை, ஏனென்றால் பாதை வளையத் தொடங்கிவிட்டது. இடம், வலம், ஏற்றம், இறக்கம். ஹீட்டர் முகத்தில் ஊதுகிறது. எலுமிச்சை அட்டை ஆடுகிறது. குகன் ஒரு கையால் ஓட்டியபடி மற்றக் கையால் காட்சி காட்டுகிறான். வாயில் உப்புத் தண்ணீர் ஊறியது. "நிப்பாட்டு" என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை, மற்றது வந்தது.

முழுவதும் பைக்குள். குறி வைத்து வாந்தி எடுத்தாலும் அப்படி விழாது. எள்ளு சுற்றிய காகிதச் சரையில், தர்ப்பையில், தவம் அண்ணை விடிய எழும்பி வடித்த சோற்றில். என் தாடையிலும் கழுத்திலும் சட்டையிலும் மிச்சம். மணத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மட்டன், மிளகாய், எலுமிச்சை.

குகன் காரை ஒரு மதிலோரம் நிறுத்தினான். தவம் அண்ணை எட்டிப் பார்த்தார். அவர் குசினிக்காரர், ஒரு பார்வை போதும்.

"என்னடா இது? இது இறைச்சியெல்லோ? அறுவாரே! ஒரு நாள், ஒரே ஒரு நாள் உங்களுக்கு வாயைக் கட்ட ஏலாதோ?"

அவர் பேசப் பேச நான் கதவைத் திறந்து புல்லில் முழங்காலில் நின்றேன். என்னை நானே பார்க்க முடியாமல் இருந்தது. வாழ்க்கையில் எத்தனையோ பேரை அருவருத்திருக்கிறேன். அன்றைக்கு அந்த அருவருப்பு முழுவதும் என்மேலேயே திரும்பி விழுந்தது. மனோ வந்து பக்கத்தில் குந்தினான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது. அவன் பைக்குள் கையை விட்டான். வெறுங்கை! அதற்குள்ளிருந்து வேட்டி உறையை எடுத்து, வெளிப்பக்கத்தைப் புல்லில் தேய்த்து, உறையைக் கிழித்து, அந்தப் புதுவேட்டியை உதறி விரித்தான். அதன் தலைப்பால் என் வாயைத் துடைத்தான். பிறகு தாடை, கழுத்து, காதுக்குப் பின்னால். அவசரமில்லாமல், வேலையில் துடைக்கிறதுபோல, ஒரு மடிப்பு ஊத்தையானால் அடுத்த மடிப்பால்.

"மூக்கைச் சீறு," என்றான்.

சீறினேன், அவன் தாயின் கடமைக்கென்று வாங்கிய வேட்டியில்.

என்னைத் துடைத்து முடித்த பிறகுதான் உறையோடு அம்மாவின் படத்தை எடுத்துத் துடைத்தான். முதலில் என் முகம், அதற்குப் பிறகு அவவின் முகம். நான் அதைக் கவனித்தேன். "மனோ, நான்..." என்று தொடங்கினேன். "பேசாம ஏறு. நேரம் போகுது," என்றான்.

அந்த நகரத்துக்கு வந்து சேர்ந்து வெந்நீர் எங்கே என்று விசாரித்தால் ஒரு நீச்சல் குளத்துக்குக் கை காட்டினார்கள். ஊற்றுத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்து அதற்குள் விட்டிருக்கிறார்களாம். உள்ளே போனோம். நாற்றமடிக்கிற ஒருவன், ஈர வேட்டியைக் கக்கத்தில் வைத்திருக்கிற ஒருவன், நெற்றி நிறைய விபூதியோடு ஒருவர், கயிறு கட்டிய நீல வாளியோடு குகன். கௌண்டரில் இருந்த பெண் எங்களை மேலும் கீழும் பார்த்தாள். நீச்சல் உடுப்பு வேண்டும், வாளிக்கு அனுமதி இல்லை என்றாள். கண்ணாடிக்கு அப்பால் குளம் தெரிந்தது. குளோரின் மணம். பிள்ளைகள் கத்திக்கொண்டு குதிக்கிறார்கள், கிழவர்கள் ஊறுகிறார்கள், ஒரு பொடியன் மூலையில் அசையாமல் நின்று கூரையைப் பார்க்கிறான். ஒரு பிள்ளை தண்ணீருக்குள் அப்படி நின்றால் அதற்கு ஒரே காரணம்தான்.

"இந்தத் தண்ணியிலயோ கொம்மாவுக்கு?" என்றார் தவம் அண்ணை.  மனோ கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நின்றான். கன்னியா என்று நினைத்து நாலு மணித்தியாலம் வந்தவன். வெளியே வந்து ஒரு மதிலில் இருந்தான். குகன் வாளியிலிருந்து கயிற்றை அவிழ்த்தான்.

பிறகு நான்தான் கண்டேன். தெருவோரத்தில் கல்லில் பதித்த ஒரு குழாய், நிற்காமல் தண்ணீர் கொட்டுகிறது. சனம் வரிசையில் நின்று போத்தலில் பிடித்துப்போகிறது. ஊற்றுத் தண்ணீர், சும்மா குடிக்கலாம். ஓடிப்போய்க் கையை நீட்டினேன். வெதுவெதுப்பு. அவ்வளவுதான். பிள்ளைக்குப் பால் கரைக்கக்கூடக் காணாத சூடு. ஆவியும் இல்லை, கொதிப்பும் இல்லை. குகனை நான் ஒரு பார்வை பார்த்தேன்.

வரிசையில் நின்ற வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி என் சட்டையைக் கண்டு, பாவம், கார் ஒத்துக்கொள்ளவில்லையா என்று கேட்டு, எங்களை முன்னுக்கு விட்டாள். கைப்பையிலிருந்து ஒரு மின்ட் இனிப்பு எடுத்துத் தந்தாள். அது ஒட்டிப்போய், மேலே பஞ்சும் தூசும் பிடித்திருந்தது. வாயில் போட்டேன். எனக்குத் தேவைதான்.

நீல வாளி நிறையப் பிடித்தோம். கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் ஒரு வடிகால். அங்கே நான் பையைக் கழுவினேன், வேட்டியைக் கழுவினேன், வாளியைத் தேய்த்தேன். சோறு போயிற்று, தர்ப்பை போயிற்று, எள்ளு போயிற்று. ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்தக் காலத்தில் இந்த நாடு முழுவதும் பூட்டுத்தான், ஒரு கடை இல்லை. திறந்திருந்தது ஒரு பேர்கர் வண்டி மட்டும். மாட்டுக்கொழுப்பில் வெங்காயம் கருகுகிற மணம் தெரு முழுவதும். மூக்கைப் பொத்திக்கொண்டு கிட்டப் போனேன். கண்ணாடிக்குள் அடுக்கியிருந்த, பேர்கர் வைக்கிற வட்டப் பாணைப் பார்த்தேன். அதன் தலையில் எள்ளு.

"இறைச்சி வேண்டாம், வெறும் பாண், நாலு" என்றதும் வண்டிக்காரன் விழித்தான். அவன் கை முழுக்கக் கொழுப்பு. அந்தக் கையாலேயே எடுத்துத் தந்தான்.

"மாடு பிடிச்ச கை," என்றார் தவம் அண்ணை. "உது வெள்ளை எள்ளு வேற. கறுப்பெல்லோ வேணும்."

"எள்ளு எள்ளுத்தானே அண்ணை," என்றான் மனோ. 

நான் மதிலில் குந்திக்கொண்டு நகத்தால் எள்ளு கிண்டினேன், நாலு பாணிலும் ஒன்று விடாமல். அரை மணித்தியாலம் ஆகியிருக்கும். குகன் உதவிக்கு வந்தான், கிட்ட வராதே, போய் வாளியைத் திரும்பவும் நிறைத்துக்கொண்டு வா என்று சொல்லிவிட்டேன். கடைசியில் ஒரு கைப்பிடிகூட இல்லை, உள்ளங்கைக் குழியில் அடங்கிற்று.

பக்கத்தில் ஒரு பூந்தோட்டம், அதற்குள் ஒரு சின்ன ஆறு. அதன் கரையில் மனோ காற்சட்டையோடு குந்தினான். வேட்டி ஈரமாய் வாங்கிலில் கிடந்தது. வாளியில் சாத்திவைத்த படத்தில் அம்மா. தவம் அண்ணை கோபத்தை அடக்கிக்கொண்டு தேவாரம் தொடங்கினார், போகப் போகக் கோபம் போயிற்று. நாயோடு போன ஒருவர் நின்று தொப்பியைக் கழற்றினார். மனோ வாளித் தண்ணீரில் கை தோய்த்து, அந்த எள்ளைப் போட்டு, மூன்று முறை இறைத்தான். பிறகு எழும்பி, சட்டையைக் கழற்றிவிட்டு, வாளியைத் தூக்கித் தலையில் கவிழ்த்தான். பங்குனிக் குளிர் காற்று. அவன் தலையிலிருந்தும் தோளிலிருந்தும் மெல்லிதாக ஆவி எழும்பியது. குகன் என் கையைப் பிடித்தான். நான் உதறவில்லை.

"சுடுதோ மனோ?" என்று கேட்டேன்.

"ஓம்," என்றான் கண்ணைத் திறக்காமல். "நல்லாச் சுடுது."

காரில் ஏறித் திரும்பினோம். நனைந்த காற்சட்டையோடு இருந்த மனோவுக்கு அந்த ஹீட்டர்தான் தஞ்சம். மலை இறங்கி மோட்டர்வே ஏறியதும் பின்சீட்டிலிருந்து அவன் குரல் வந்தது.

"குகன், சீட்டுக்குக் கீழ மிச்சம் கிடக்கெல்லோ. ரெண்டைத் தா, பசிக்குது."

கார் ஒரு ஆட்டம் ஆடியது. "உனக்கு எப்பவடா தெரியும்?" என்றான் குகன்.

"காலமை ஏறேக்கையே மணந்தது."

"இண்டைக்கு மச்சம் கூடாதடா," என்று தவம் அண்ணை பதறினார்.

"அம்மா என்னைப் பசியில இருக்க விடமாட்டா அண்ணை," என்று சொல்லிவிட்டு ஆறிப்போன ரோல்ஸைத் தின்றான் மனோ. எண்ணெய்க் கையை அந்த ஈர வேட்டியில் துடைத்தான். தெரிந்துகொண்டேதான் அவன் அந்தப் பையை என் மடியிலேயே விட்டுவைத்தான். இதை எழுதுகிறபோதும் எனக்கு அந்த இடத்தில் பேனா நிற்கிறது. வீட்டுக்குப் போனதும் அவன் தேத்தண்ணி போட்டான். சுடச்சுட, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் மனோவுக்கு அகதிக் கடுதாசி கிடைத்தது, கலியாணம் கட்டிக் கனடாவுக்குப் போனான். நாலு வருடத்துக்கு முன் அங்கேயே செத்துப்போனான். அவனுடைய அந்தியேட்டியைப் போனில் காட்டினார்கள். குளிரூட்டிய மண்டபம், எல்லாச் சாமானும் ஒரே பெட்டியில், எள்ளுக்கும் தனிப் பொதி. சுத்தமாய் இருந்தது. தவம் அண்ணை இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார், யாரோ கழுவித் துடைக்கிறார்கள். ஈஸ்ட் ஹாம் வீட்டைக் காலி செய்தபோது நீல வாளி எங்கே போயிற்று என்று ஒருவருக்கும் தெரியாது.

இனிப் போன சனிக்கிழமைக்கு வருகிறேன். மூன்றாவது வைனோ நாலாவதோ, குகன் தொட்டிக்குள் எழும்பி நின்றான். முகம் வெளிறியிருந்தது. "ஒருமாதிரி இருக்கு," என்றான். அடுத்த கணம் வாந்தி எடுத்தான், தன் நெஞ்சில், தொட்டி விளிம்பில், அந்த ஊதாத் தண்ணீரில். மட்டன் ரோல்ஸ். உள்ளே இருந்த மற்ற ஐந்து பேரும் அலறிக்கொண்டு பாய்ந்து ஏறினார்கள். ஒருவர் மூக்கைப் பொத்தினார். ஒருவர் தொட்டி விற்ற கடைக்குப் போன் அடித்துத் தண்ணீரை எப்படி மாற்றுவது என்று கேட்டார். குகனின் மகன் பிளாஸ்டிக் கையுறை தேடி உள்ளே ஓடினான்.

குகன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நடுங்கினான். தாடையில் வடிந்துகொண்டிருந்தது. அவன் யாரையும் தேடவில்லை, நேரே என்னைத்தான் பார்த்தான். பிறகு என் மடியில் இருந்த துவாயைப் பார்த்தான். கையை நீட்டினான்.

நான் எழும்பினேன். எழும்பி இரண்டு அடி பின்னுக்குப் போனேன்.

அவனுடைய மனைவி வந்து துடைத்தாள், அவன் சுகமாகிவிட்டான், பயப்பட ஒன்றுமில்லை. நான் வெளிக்கிடும்போதுதான் கவனித்தேன். துவாய் இன்னும் என் கையில் இருந்தது, மடிப்புக் குலையாமல், வெள்ளை வெளேரென்று. அதைக் கதிரையில் வைத்துவிட்டு வந்தேன்.